லிண்ட்னரின் காலும் யோப்பியின் கைகளும்

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் கைநூலில் ஒரு வரி இருக்கிறது. பயணத்துக்கென்று எடுத்துச் செல்லும் மருந்துப் பொருட்களைக் காப்புறுதி பெற்ற நோயாளி தவிர்ந்த வேறு எவருக்கும் பயன்படுத்தலாகாது. புதிதாகச் சேரும் தாதிகள் முதல் வாரமே அதை வாசிக்க வேண்டும். என்னுடைய பிரியாவிடை நாளில், கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, அபிரா பக்கத்தில் வந்து நின்றாள். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம்தான்.

"அண்ணை, உந்த வரி உங்களாலைதான் வந்தது எண்டு கதைக்கினம். உண்மையோ?"

"ஓம் பிள்ளை."

"என்ன நடந்தது?"

கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. பிறகு சொல்லுகிறேன் என்றேன். பிறகு என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் எனக்கு இல்லை என்பது வீட்டுக்கு வந்துதான் உறைத்தது. ஆகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் நோயில் விழுந்த, அடிபட்ட ஜெர்மன்காரரை வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் என் தொழில். நான் இருக்கும் வுப்பர்டால் நகரில் எங்கடை ஆட்களின் கலியாண வீடுகளில் என்னைக் காணும்போதெல்லாம், "யோகன் அண்ணைக்கு என்ன, சும்மா பிளேனிலை உலகம் சுத்திற வேலை" என்பார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. பல தேசங்களுக்குப் போனேன். பார்த்தது விமான நிலையத்தின் பின்வாசல்கள், ஆஸ்பத்திரித் தாழ்வாரங்கள், அம்புலன்ஸ் கண்ணாடிக்கூடாக ஓடும் தெருக்கள். பகலில் போய் இறங்கி, மறுநாள் நோயாளியோடு ஏறி, மூன்றாம் நாள் வீட்டில் துணி தோய்த்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லாத காலம், உணவகத்தில் பாத்திரம் கழுவிய காலம், மூன்று வருட அவுஸ்பில்டுங் என்ற தாதிப் பயிற்சி, பிறகு ஆஸ்பத்திரியின் எரிகாயப் பிரிவில் பல வருடங்கள். இவற்றை ஒரே மூச்சில் தாண்டுகிறேன். இவற்றைப் பற்றி எழுத என்னைப்போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

டொக்டர் ஹார்ம்ஸைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட ஏலாது. கட்டுப்பாட்டறையில் இருந்து எங்களை அனுப்புவதும் திருப்பி எடுப்பதும் அவர்தான். வடகடல் பக்கத்துப் பெண். தொலைபேசியில் வணக்கம் சொல்ல மாட்டார், நலம் கேட்க மாட்டார். மற்றவர்கள் எல்லாரும் என் பெயரை வெட்டிச் சுருக்கியபோது அவர் மட்டும் 'ஹெர் யோகநாதன்', திரு யோகநாதன், என்று முழுதாகச் சொல்வார், ஒரு எழுத்தையும் விழுங்காமல். "நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு பேந்து கேப்பன். இப்ப என்ன பாக்கிறியள் எண்டு சொல்லுங்கோ" என்பார். காயத்தின் நிறம், விளிம்பு, மணம், சூடு, விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா இல்லையா. நான் சொன்ன ஒழுங்கிலேயே ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். அதன் பிறகு ஒரு மௌனம். மௌனம் நீண்டால் அவருக்கு உடன்பாடில்லை என்று அர்த்தம்.

அவர் பேசியது ஜெர்மன். இந்தக் கதையில் வரும் மற்றவர்கள் பேசியது ஜெர்மனும் உடைந்த ஆங்கிலமும். என் ஞாபகத்தில் எல்லாரும் எங்கடை தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி. இந்தோனேசியாவின் கிழக்குப் பக்கத் தீவு ஒன்றில் ஓய்வுபெற்ற ஒருவர் எரிமலை பார்க்கப் போய்க் காலை வேகவைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. மலையடியில் கந்தகக் களம். கீழே சேறு கொதிக்கிறது, மேலே மெல்லிய மண்தோல். தோல் உடைந்து வலது கால் உள்ளே போய்விட்டது. சப்பாத்துக்குள் கொதிசேறு நிறைந்து நின்றிருக்கிறது. சாதாரண பயணிகள் விமானத்தில் படுக்கை வைத்துக் கொண்டுவருவதென்று முடிவானது. அது என்னவென்றால், விமானத்தின் பின்பக்கத்தில் மூன்று வரிசை இருக்கைகளின் முதுகை முன்பக்கம் மடித்து, அவற்றின் மேல் ஒரு சட்டத்தைப் பூட்டி, அதன் மேல் படுக்கை, சுற்றிவரத் திரை. மற்றப் பயணிகள் ஏறுமுன் நோயாளியை ஏற்றிவிட வேண்டும். ஒட்சிசனைப் பறக்கும் நேரத்துக்குக் கணக்குப் பார்த்து, தாமதத்துக்கு அதில் பாதியும் சேர்த்து எடுக்க வேண்டும். மேலே போனபின் யாரிடமும் கேட்க ஏலாது.

நான் இரண்டு பெட்டிகள் கொண்டுபோனேன். ஒன்றில் மருந்துகளும் சேலைனும். மற்றதில் வெள்ளி பூசிய வலைத்துணி. எரிகாயத்தில் ஒட்டாது, ஒருமுறை வைத்தால் சில நாட்களுக்குப் பிரிக்கத் தேவையில்லை, கிருமியைக் கிட்ட விடாது. அப்போது அது புதிது, விலை கூடியது. ஏறும் முன் ஒருமுறை கட்ட, தாமதமானால் இன்னொருமுறை கட்ட. அவ்வளவு இருந்தது.

கடற்கரைப் பட்டினத்து ஆஸ்பத்திரி. வாசல் காவலாளி என்னை உள்ளூர்க்காரன் என்று நினைத்து, பார்வையாளர் நேரம் இன்னும் ஆகவில்லை என்று மறித்தார். நான் கூட்டிப்போக வந்த நோயாளி ஹெர் லிண்ட்னரும் அப்படித்தான் நினைத்தார். கட்டிலில் சாய்ந்திருந்த பெரிய உடம்புக்காரர். பூட்டுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவரோடு வந்த குழு அடுத்த தீவுக்குப் போய்விட்டது.

"ஜெர்மனியிலையிருந்து ஆள் வரும் எண்டவை" என்றார்.

"நான்தான் அந்த ஆள். வுப்பர்டாலிலையிருந்து வாறன்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அங்கை மழையோ?"

"நான் வெளிக்கிடேக்கை பெய்துகொண்டிருந்தது."

"நல்லது" என்று கண்ணை மூடினார்.

அங்கிருந்த சத்திர சிகிச்சை வைத்தியர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருந்தார். வீக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்காமல் தோலை நீளத்துக்குக் கீறி விட்டிருந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே சிவப்பு. கணுக்காலில் வெள்ளை. பாதம் மெழுகு. பாதத்தில் ஊசியால் தொட்டேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டது தெரியவில்லை.

"வழிகாட்டி எண்டு ஒருத்தன். பிழையான பாதையாலை கூட்டிக்கொண்டு போட்டான்" என்றார். "பொலிசுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

அந்த வழிகாட்டி தாழ்வாரத்தின் மறுபக்கத்தில், ஆண்கள் பொது வார்டில் கிடந்தான். யோப்பி. முப்பது வயதிருக்கும். வயிற்றில் படுத்து, கொதிசேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு லிண்ட்னரின் காலை இழுத்து எடுத்திருக்கிறான், பிறகு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்திருக்கிறான். கைகள் இரண்டும் தலையணை மேல் இரண்டு வெள்ளைப் பொட்டலங்களாக இருந்தன. பக்கத்தில் மனைவி மேய்ஸ்கே கரண்டியால் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் யோப்பி விழுங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அவருக்குக் கால் எப்பிடி?"

"பாப்பம்" என்றேன். தொழிலில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் விமானம். லிண்ட்னரின் கடவுச்சீட்டு அவர் தங்கியிருந்த விடுதியில், மலைச்சரிவுக் கிராமத்தில் இருந்தது. அது இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். நோயாளியின் உடைமைகளை எங்கள் ஆள்தான் நேரில் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலையில் ஒரு வாடகை வானில் வெளிக்கிட்டேன். யோப்பியின் வீடும் அந்தக் கிராமத்தில்தான். மேய்ஸ்கே தானும் வரலாமா என்று கேட்டாள். முதல்நாள் இரவு மலை சாம்பல் துப்பியிருந்தது. கூரையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தென்னையும் கராம்புமாக இருந்த பாதை ஏற ஏற நிறம் இழந்தது. மேலே கோவா மரக்கறித் தோட்டங்கள் சீமெந்து ஊற்றியதுபோலக் கிடந்தன. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைப்போல மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் எடுத்தால் அரைத்த கண்ணாடி. பல்லுக்குள் நறுநறுத்தது. கண்ணைக் கசக்க வேண்டாம் என்று மேய்ஸ்கே என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

விடுதியில் பையையும் கடவுச்சீட்டையும் எடுத்தேன். நேரே திரும்பியிருக்கலாம். ஆனால் அயலவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் தகரக் கூரைகளில் நின்றார்கள். யோப்பியின் கூரையில் ஒருவரும் இல்லை. கூரையைத் தாங்கும் நடுவளை மரம் ஏற்கெனவே தொய்ந்திருந்தது. மழை வந்தால் அந்தச் சாம்பல் தண்ணீர் குடித்து இரட்டிப்புப் பாரமாகிவிடும் என்றாள் மேய்ஸ்கே. சாம்பல் அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன்.

"நீங்கள் டொக்டர். ஏறாதேங்கோ."

"நான் டொக்டர் இல்லை. தாதி."

"ஆம்பிளைத் தாதியோ?" என்று சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் கண்டேன்.

விளிம்பிலிருந்து நடுவுக்கு வர வேண்டும், பாரத்தை ஒரு பக்கம் சேர விடக்கூடாது, வளைக்கு மேலேதான் கால் வைக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். வேலை நடக்கும்போதே கதைத்தாள். வழிகாட்டிகளுக்குப் பொலிஸ் தரும் அனுமதி அட்டையை யோப்பியிடமிருந்து எடுத்துப்போய்விட்டார்களாம். வெள்ளைக்காரர் முறைப்பாடு சொன்னதால்.

"கை சுகமானாலும் வேலை இல்லை" என்றாள். "அண்டைக்கு நானும் அங்கைதான் நிண்டனான், தேத்தண்ணி வித்துக்கொண்டு. இவர் மூண்டு தரம் கூப்பிட்டவர். கயித்துக்கு அங்காலை போகாதேங்கோ எண்டு. அங்கை நிண்ட எல்லாருக்கும் கேட்டது. அந்த மனுசன் படம் எடுக்கப் போனவர்."

கூரையிலிருந்து அந்தக் கந்தகக் களம் தெரிந்தது. மஞ்சள் படிந்த மண், ஆங்காங்கே வெண்ணிற ஆவி, கயிறு கட்டிய ஒற்றையடிப் பாதை. அதற்கு மேலே மலை. யாரோ தூரத்தில் ஒரு பெரிய கதவை இழுத்து மூடியதுபோல ஒரு சத்தம் கேட்டது. காலின் கீழ் தகரம் அதிர்ந்தது. மலையின் வாயிலிருந்து கரும்பழுப்புத் தூண் ஒன்று அவசரமில்லாமல் எழும்பியது. உச்சியில் விரிந்து கடல் பக்கம் சாய்ந்தது. அயல் கூரைகளில் நின்றவர்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து வழித்தார்கள். இதைப் பார்க்கத்தான் சனம் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வருகிறது. எனக்கு வந்த முதல் எண்ணம் விமானம் பற்றியது. இரண்டாவது எண்ணம் முதுகு வலி.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சத்திர சிகிச்சை வைத்தியர் யோப்பியின் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் நின்றேன். ஆழமான காயம், ஆனால் அழுத்தினால் சிவப்புத் திரும்பியது. ஆறக்கூடிய கைகள்.

"விரல்களைத் தனித்தனியாய்ச் சுத்தவேணும், ஒவ்வொரு நாளும் மடக்கி நீட்டவேணும்" என்றார் அவர். "எங்களிட்டை ஒட்டாத துணி முடிஞ்சுபோச்சு. சாம்பலாலை கப்பலும் வரேல்லை. சேர்த்துக் கட்டினால் விரல் ஒண்டோடொண்டு ஒட்டிப்போம். தனித்தனியாய்ச் சாதாரணத் துணி சுத்தினால், பிரிக்கேக்கை வாற தோலையும் உரிச்சுக்கொண்டு வரும்."

என்னிடம் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கட்டிலுக்கு அப்பால் நின்ற மேய்ஸ்கே வைத்தியரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

டொக்டர் ஹார்ம்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். லிண்ட்னரைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு, "இன்னொரு ஆள்" என்று தொடங்கினேன். அவர் இடைமறிக்கவில்லை. யோப்பியின் கைகளில் பார்த்ததைச் சொன்னேன். வழக்கம்போல எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். இரண்டாவது முறைக்கான துணி இருக்கிறது, விரல்களுக்கு அதைக் கீலம் கீலமாக வெட்டலாம் என்றேன்.

மௌனம். நீண்ட மௌனம்.

"காத்து எங்கை அடிக்குது?"

"கடல் பக்கம். விமான நிலையம் திறந்துதான் கிடக்கு."

"காத்து மாறினால்?"

"மாறினால் லிண்ட்னருக்கு இரண்டாம் கட்டுக்கு இல்லை."

"அந்தப் பொருள் எங்கடை இல்லை, உங்கடையும் இல்லை. லிண்ட்னரின்ரை" என்றார். "அவருக்கு நினைவு தெளிவோ? காய்ச்சல்?"

"இல்லை. தெளிவாய் இருக்கிறார்."

"அப்ப அவரைக் கேளுங்கோ. ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. குறைச்சுச் சொல்லக்கூடாது." வைத்துவிட்டார்.

நான் கேட்டேன். துணி என்னத்துக்கு, எவ்வளவு இருக்கிறது, காற்று மாறினால் என்ன ஆகலாம், எல்லாவற்றையும் சொன்னேன். லிண்ட்னரின் முகம் இறுகியது.

"அவனாலைதான் நான் இஞ்சை கிடக்கிறன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நான் பாக்கவேணும்" என்றார்.

சக்கர நாற்காலியில் காலை நீட்டி வைத்து, தாழ்வாரத்தைக் கடந்து தள்ளிப்போனேன். வார்டில் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். யோப்பி எழும்பி இருக்க முயன்றான், ஊன்றக் கையில்லை. மேய்ஸ்கே முதுகைத் தாங்கினாள். தாதி ஒருத்தி கட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். லிண்ட்னர் வாழ்க்கை முழுக்கக் கையால் வேலை செய்தவர்களை மேய்த்தவர். அந்தக் கைகளை நீண்ட நேரம் பார்த்தார்.

"கால் எப்பிடி, சேர்?" என்றான் யோப்பி.

லிண்ட்னர் திரும்பத் தள்ளும்படி கையால் காட்டினார். அறைக்கு வந்ததும், "குடுங்கோ" என்றார்.

"பொலிசிலை சொன்னது?"

"நீங்கள் கேட்டது துணியைப் பற்றி. துணியைப் பற்றித்தான் நான் மறுமொழி சொன்னனான்."

அன்று பின்னேரம் நானும் அந்த வைத்தியரும் சேர்ந்து யோப்பியின் பத்து விரல்களையும் தனித்தனியாகச் சுற்றினோம். ஒவ்வொரு விரலுக்கும் இடையில் மடித்த கீலம் ஒன்று. யோப்பி சத்தம் போடவில்லை, பாட்டுப்போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மிச்சத் துணியையும் அவர்களிடமே கொடுத்தேன், அடுத்த கட்டுக்கு.

அடுத்த நாள் காலை காற்று மாறியது.

விமான நிலையத்தை மூடினார்கள். ஓடுபாதையில் சாம்பல், வானத்திலும் சாம்பல். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று இழுபட்டது. படகில் அடுத்த தீவுக்குக் கொண்டுபோகலாமா, தரைவழியாக வேறு நிலையத்துக்குப் போகலாமா என்று டொக்டர் ஹார்ம்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடல் கொந்தளிப்பு. தெருவில் பாலம் ஒன்றைச் சேற்றாறு கொண்டுபோயிருந்தது. நான் அந்த நாட்களில்தான் கடற்கரையைக் கண்டேன். முகம் கழுவப் போவேன். தென்னோலைகள் சாம்பல் பாரத்தில் தொங்கின. அலை நுரைகல்லைக் கரையில் தள்ளியது. மீன் விற்கும் பெண்கள் கூடைக்கு மேல் குடை பிடித்திருந்தார்கள். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது மனைவி திலகம் கேட்டாள்:

"கடல், தென்னை எல்லாம் இருக்கோ? எங்கடை ஊர் மாதிரியே?"

"இருக்கு. எனக்கு நித்திரைதான் வருது."

"எப்ப வாறியள்?"

"காத்தைத்தான் கேக்கவேணும்."

லிண்ட்னருக்கு இரண்டாவது கட்டை அங்கே கிடைத்த சாதாரணத் துணியில் கட்டினேன். பிரித்தபோது இரத்தம் வந்தது. பாதத்தின் மணம் மாறியிருந்தது. காய்ச்சல் ஏறத் தொடங்கியது. மருந்தை மாற்றினோம், கூட்டினோம். துணியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரவில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபோது எனக்குள் ஓடியதெல்லாம் எண்ணிக்கைதான்: போன சலம் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு, இன்னும் எத்தனை போத்தல். தாழ்வாரத்தின் மறுபக்கத்தில் மேய்ஸ்கே புருசனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள்.

கடைசியில் ஒரு மழை வந்து வானத்தைக் கழுவியது. முதல் விமானத்தில் எங்களுக்கு இடம் வாங்கித் தந்தது டொக்டர் ஹார்ம்ஸ்தான், யார் யாரோடு சண்டை பிடித்தாரோ தெரியாது. அந்தப் பயணத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு இப்போதும் களைப்பாக இருக்கிறது. திரைக்குள் முழந்தாளில் நின்றேன். பாதி வழியில் அவருடைய இரத்த அழுத்தம் இறங்கியது. சேலைன் பையைக் கையால் பிழிந்து ஏற்றினேன். திரைக்கு வெளியே யாரோ மணத்தைப் பற்றி முறைப்பட்டார்கள். விமானப் பணிப்பெண் கோப்பித் தூளைக் கோப்பைகளில் போட்டுத் திரையோரம் வைத்துவிட்டுப் போனாள். உயிரோடு இறக்கினோம். சில நாட்களில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

லிண்ட்னரின் மகள் கத்ரீன் நிறுவனத்தில் முறைப்பாடு செய்தாள். அப்பாவின் மருந்துப் பொருளை அந்நியன் ஒருவனுக்குக் கொடுத்ததால்தான் கால் போனது என்பது அவளுடைய வாதம். அவளிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு நிபுணர்களைக் கேட்டார்கள். பாதத்தின் விதி முதல் மணித்தியாலத்திலேயே முடிந்துவிட்டது என்றார் ஒருவர். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் மற்றவர். நானும் இத்தனை வருடங்களாக இரண்டு பேருக்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

சில மாதங்கள் கழித்து நிறுவனத்தின் கட்டடத்தில் கூட்டம். நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல்கள். நிறுவனத்தின் சட்டத்தரணி, குறிப்பெடுக்கும் பெண், டொக்டர் ஹார்ம்ஸ், நான். எதிரே கத்ரீனும், சக்கர நாற்காலியில் லிண்ட்னரும். காற்சட்டையின் ஒரு கால் மடித்து ஊசி குத்தியிருந்தது. நன்றாக மெலிந்துபோயிருந்தார்.

"ஆர் இந்த முடிவை எடுத்தது?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"கேக்கச் சொன்னது நான்" என்றார் டொக்டர் ஹார்ம்ஸ். "என்ரை பேரை எழுதுங்கோ."

"குடுத்தது நான்" என்றார் லிண்ட்னர்.

"அப்பா, உங்களுக்கு அப்ப வருத்தம். அவை கேட்டிருக்கவே கூடாது." கத்ரீனின் குரல் உடைந்தது. "அந்த ஆள் உங்களைக் கொதிசேத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு போனவன். அவனுக்கு மருந்து. உங்களுக்குக் கால் இல்லை. இது எனக்கு விளங்கேல்லை."

லிண்ட்னர் என் பக்கம் திரும்பினார். "அவன்ரை கை என்ன மாதிரி?"

அந்த அறையில் அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. மேய்ஸ்கே எப்போதாவது எனக்குத் தொலைபேசி எடுப்பாள். அவள் சொன்னதைச் சொன்னேன். வலது கை முழுக்கச் சுகம். இடது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. சட்டைப் பித்தானைத் தானே பூட்டுகிறான். அனுமதி அட்டை இன்னும் கிடைக்கவில்லை. வேலையும் இல்லை.

லிண்ட்னர் தண்ணீர் குடித்தார். குறிப்பெடுத்த பெண்ணைப் பார்த்து, "இதை எழுதுங்கோ" என்றார். "அவன் என்னைக் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது. கயித்தைத் தாண்டினது நான்."

கத்ரீன் அவருடைய கையைப் பிடித்தாள். "அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு தெரியுதோ?"

அவருக்குத் தெரிந்திருந்தது. வழிகாட்டியின் பிழை என்ற அடிப்படையில்தான் சுற்றுலா நிறுவனம் நட்டஈடு தர இணங்கியிருந்தது. செயற்கைக் காலுக்கும், படியில்லாத வீட்டுக்கும் அவர்கள் அதைத்தான் நம்பியிருந்தார்கள். சட்டத்தரணி பேனாவை மேசையில் வைத்தார், இன்னொரு நாள் யோசித்துச் சொல்லலாமே என்றார்.

"யோசிச்சுக்கொண்டுதானே இவ்வளவு காலமும் கிடந்தனான்" என்றார் லிண்ட்னர். "இந்தோனேசியப் பொலிசுக்கும் அனுப்பவேணும். எங்கை கையெழுத்து?"

அந்தக் கடிதம் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, யோப்பியின் அட்டை திரும்பிவர இன்னும் அரை வருடம் எடுத்தது. நிறுவனம் கைநூலில் அந்த வரியைச் சேர்த்தது. லிண்ட்னருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய வீட்டை விட்டுவிட்டு மகளோடு போய் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று கூட்டம் முடிந்ததும் கத்ரீன் மேலங்கியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நாற்காலியை நான் தள்ளிப்போனேன். மின்தூக்கி வாசலில் அவள் நின்றாள். என் கைகளை விலக்கிவிட்டுத் தானே பிடியைப் பிடித்தாள். மூன்று பேரும் உள்ளே போனோம். கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஆளின்ரை பேர் என்ன?"

"யோப்பி."

"பிள்ளையள் இருக்கினமோ?"

"ரெண்டு பேர்."

கதவு திறந்தது. வெளியே மழை. அவள் வாசலில் நாற்காலியை நிறுத்தினாள். கழுத்துத் துண்டைக் கழற்றி, குனிந்து, அப்பாவின் மடித்த காற்சட்டை நுனியைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு சுற்று, இறுக்காமல், முடிச்சு மேல்பக்கம் வரும்படி. காயத்தை எப்படிச் சுற்ற வேண்டும் என்று நான் வாய் திறக்கப் போனேன். தேவைப்படவில்லை. லிண்ட்னர் மகளின் தலையில் கையை வைத்தார். அவள் நிமிர்ந்து, நாற்காலியை மழைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.